குபேர லிங்கமும் கோடீசுவரரும்

திருவண்ணாமலைக்குப் போய் வந்தவர்கள் யாவரும் அங்குள்ள மலையைச் சுற்றி எட்டு லிங்கங்கள் இருப்பதை அறிவார்கள். இந்திரன், அக்கினி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானன் என்று திசைக்கு ஒரு பெயர் வைத்து, சுமார் 14 கிலோமீட்டர் தூரம் ஜனங்களைச் செருப்பில்லாமல் நடக்கச் செய்து, ஒவ்வொரு லிங்கத்தண்டையிலும் ஒரு கற்பூரத் தட்டும் வைத்திருக்கிறார்கள். இந்த எட்டில் எந்த லிங்கத்தண்டை ஜனங்கள் அதிக நேரம் நிற்கிறார்கள் என்பதை நாம் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. எமனைக் கண்டால் கும்பிட்டுவிட்டுச் சீக்கிரமாய் நடையைக் கட்டுகிறவர்கள், குபேரனைக் கண்டால் நகர மறுக்கிறார்கள். இது போதாதென்று, சில வருஷங்களாக 'குபேர கிரிவலம்' என்பதாக ஒன்றைக் கிளப்பி, கார்த்திகை மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் குபேரனே பூமிக்கு இறங்கி வந்து மலையைச் சுற்றுகிறானென்றும், அன்று கூடச் சுற்றுகிறவர்களுக்குச் செல்வம் கொழிக்குமென்றும் சொல்லி வருகிறார்கள். செல்வத்துக்கே அதிபதியானவன் எதை வேண்டி மலையைச் சுற்றுகிறான் என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்கூட இல்லை!

இந்தக் கிரிவலப் பாதையில் நம் தோழர்கள் சிலர் ஒரு பக்தரோடு பேசிக்கொண்டிருந்தபோது, "குபேரனைக் கும்பிட்டுப் பணக்காரரானவர் ஒருவரைக் காட்டுங்கள்" என்று கேட்டார்களாம். அதற்கு அவர் கொஞ்சமும் தயங்காமல், "ஏன், இந்தத் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர் சிவசங்கரன் இல்லையா? கம்ப்யூட்டர், டெலிபோன், காற்றாலை, கப்பல் என்று உலகமெல்லாம் வியாபாரம் செய்தாரே! அண்ணாமலையார் அருளில்லாமல் இது நடக்குமா?" என்று பதில் சொன்னாராம். தோழர்கள் இதை நமக்கு எழுதி, இதற்கு நாம் என்ன சொல்லுகிறோம் என்று கேட்டிருக்கிறார்கள்.

இது கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில் அந்தப் பக்தர் தனக்குத் தெரியாமலேயே நமக்கு ஒரு நல்ல உதாரணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். ஆகையால் திரு. சி. சிவசங்கரன் அவர்களுடைய வியாபார வரலாற்றைப் பகிரங்கமாய்த் தெரிந்தவரையில் எடுத்து வைத்துக்கொண்டு, அதில் அண்ணாமலையாருக்கு எத்தனை பங்கு, மனிதனுக்கு எத்தனை பங்கு, நம்மைப் போன்ற பாமர மக்களுக்கு எத்தனை பங்கு என்று கணக்குப் பார்ப்போம். அவரிடம் நமக்கு விரோதமுமில்லை, வேண்டுதலுமில்லை. ஒரு தனி மனிதரைத் தூற்றுவதற்காக நாம் பேனாவை எடுக்கவில்லை. அவரை முன்னிட்டு ஜனங்கள் புத்தியில் ஏறியிருக்கிற ஒரு மயக்கத்தைப் போக்கவே இதை எழுதுகிறோம்.

முதலாவது, அவருக்கு உரிய பெருமையை நாம் கொடுத்துவிட வேண்டும். 1980-களில் இந்நாட்டில் கம்ப்யூட்டர் என்பது பெரிய கம்பெனிகளும் சர்க்கார் ஆபீசுகளும் மாத்திரம் வைத்துக்கொள்ளத் தக்கதாயிருந்தது. அக்காலத்தில் அவர், டென்னிஸ் ஆட்டக்காரர் விஜய் அமிர்தராஜ் அவர்களின் தகப்பனாரிடமிருந்து ஸ்டெர்லிங் கம்ப்யூட்டர்ஸ் என்ற சென்னைக் கம்பெனியை வாங்கி, மற்றவர்கள் இரண்டு மடங்குக்கு மேல் விலை சொல்லிக்கொண்டிருந்தபோது, 33,000 ரூபாய்க்குக் கம்ப்யூட்டரை விற்றார். இது சாமானிய வேலையல்ல. சரக்கின் விலையைக் குறைத்தால் வாங்குகிறவன் தொகை பெருகும் என்பதைக் கண்டு, துணிந்து செய்தார். எது மேலோருக்கு மாத்திரம் என்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறதோ அதைக் கீழே இறக்கிக் கொண்டுவருகிற எந்தக் காரியத்தையும் நாம் வரவேற்கக் கடமைப்பட்டிருக்கிறோம். கம்ப்யூட்டரை எல்லோரும் தொடும்படியானதன் பலனாகத்தான், நாளடைவில் அமெரிக்காக்காரனும் ஐரோப்பியனும் தங்கள் கணக்கு வேலை, டெலிபோனுக்குப் பதில் சொல்லும் வேலை முதலியவற்றை இங்கே ஒப்படைப்பதும், அவர்கள் பகலில் செய்ய வேண்டியதை நமது பிள்ளைகள் இரவில் கண் விழித்துச் செய்து கொடுத்துச் சம்பளம் வாங்குவதுமான ஒரு பெரிய தொழிலே ஏற்பட்டது. சேத்துப்பட்டிலும் போளூரிலும் பிறந்த உழவன் பிள்ளை அந்நாற்காலியில் உட்கார்ந்தானென்றால், அதற்குக் காரணம் படிப்பும் இயந்திரமுமே தவிர பௌர்ணமி அல்ல.

பிறகு அவர் டெலிபோனில் இறங்கினார். கையில் கொண்டு திரியும் டெலிபோன் நடத்தும் ஏர்செல் கம்பெனி 1999-ம் வருஷத்தில் தமிழ்நாட்டில் ஆரம்பமாயிற்று. டிஷ்நெட் என்ற இன்டர்நெட் வியாபாரத்தை நடத்தி, 2004-ல் அதைத் தாத்தாவின் கம்பெனிக்கு — நம்முடைய தாத்தா அல்ல, பம்பாய் டாட்டா — விற்றார். பாரிஸ்டா காப்பிக் கடைகளை வாங்கி, 2007-ல் இத்தாலிக் கம்பெனியொன்றுக்கு விற்றார். ஏர்செல்லில் நூற்றுக்கு 74 பங்கை 2006-ல் மலேசியாவின் மாக்சிஸ் கம்பெனிக்குப் பெருந்தொகைக்கு விற்றார். அந்த விற்பனை தான் மனமொப்பிச் செய்ததல்லவென்றும், அப்போதைய மந்திரியின் நெருக்கடியினால் செய்ததென்றும் பின்னால் அவர் புகார் சொல்லி, 2011-ல் வழக்குப் பதிவாகி, 2017-ல் தனிக் கோர்ட்டு, சம்பந்தப்பட்டவர்களை விசாரணைக்கு முன்பே விடுவித்தது. அது முடிந்த கதை. அதைக் கிளறுவது நமது வேலையன்று. நாம் கவனிக்க வேண்டியது வேறு. கட்டுவது, விற்பது, மறுபடியும் வேறொன்றைக் கட்டுவது என்கிற இந்த வியாபாரத்தில் சரக்கு எது? டெலிபோன் அல்ல, காப்பியும் அல்ல. கம்பெனிதான் சரக்கு. ஆகாயத்தில் செல்லும் அலையை யார் உபயோகிக்கலாமென்று சர்க்கார் கொடுக்கும் லைசென்சும், பாங்கு கொடுக்கும் கடனும், மாதந்தோறும் பணங் கட்டும் லட்சக்கணக்கான ஜனங்களும் சேர்ந்தால் ஒரு கம்பெனி. ஆகாயம் யாருடையது? பாங்கிலிருப்பது யாருடைய பணம்? மாதந்தோறும் கட்டினவன் யார்? இம்மூன்றுக்கும் ஒரே பதில்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பாங்கு என்ற பேச்சு வந்தபடியால் ஒரு பழைய சங்கதியையும் சொல்ல வேண்டும். 1921-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் 'நாடார் பாங்கு' என்ற ஒன்று ஏற்பட்டது. கோவிலுக்குள் நுழையக்கூடாது, பொது வீதியில் நடக்கக்கூடாது என்று தள்ளி வைக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்தார், தங்கள் மகமைப் பழக்கத்தைக் கொண்டு பணஞ் சேர்த்து, தங்களுக்குத் தாங்களே கடன் கொடுத்துக்கொள்ள வழி செய்துகொண்டார்கள். செல்வம் என்பது தலையெழுத்து அல்ல, கடன் கிடைக்கிற வாசல் யாருக்குத் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதற்கு இதைவிட நல்ல ருசு வேண்டியதில்லை. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள்தான் 1929-ல் செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார் என்பது நம் தோழர்களுக்குத் தெரியும். அந்தப் பாங்கு 1962-ல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் பாங்கு என்று பெயர் மாறிற்று. 1990-களில் அதன் பங்குகளில் பெரும் பாகம் முதலில் எஸ்ஸார் என்ற வடநாட்டுக் கம்பெனியார் கைக்கும், அங்கிருந்து திரு. சிவசங்கரன் கைக்கும் போயிற்று. எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு சமூகமே வியர்வை சிந்தி வளர்த்ததை, பங்குக் காகிதம் வாங்கினவர் சொந்தம் என்று சட்டம் சொல்லிற்று. அந்தச் சமூகத்தார் கிளர்ச்சி செய்து, பணந் திரட்டிப் பங்குகளைத் திரும்ப வாங்க முயல வேண்டியதாயிற்று. ஜாதிப் பெருமைக்காக நாம் பரிந்து பேசவில்லை. உண்டாக்கினவர்கள் ஒருவர், உடையவர் வேறொருவர் என்பதற்காகச் சொல்லுகிறோம்.

நிற்க. டெலிபோனில் வந்த பணத்தை என்ன செய்தார்? காற்றில் போட்டார். பழித்துச் சொல்லவில்லை, உண்மையாகவே காற்றில் போட்டார். பின்லாந்து என்பது ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள ஒரு தேசம். அங்கே வின்விண்ட் என்ற காற்றாலை இயந்திரக் கம்பெனியை இவரது கூட்டம் 2006-ல் வாங்கிற்று. 2008-ல் அபுதாபி சர்க்காரின் மஸ்தார் கம்பெனி 12 கோடி யூரோ கொடுத்து அதில் நூற்றுக்கு 40 பங்கு வாங்கிற்று. பின்லாந்திலே தொழிற்சாலை, சென்னைக்குப் பக்கத்திலே தொழிற்சாலை என்று காரியங்கள் நடந்தன.

இந்த இடத்தில் நாம் கிரிவலப் பாதைக்கு ஒரு நிமிஷம் திரும்புவோம். அங்கே வாயு லிங்கம் என்று ஒன்றிருக்கிறதல்லவா? எத்தனை காலமாக அதற்குக் கற்பூரங் கொளுத்துகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த வாயு பகவான் இதுவரையில் ஒரு குடிசையில் ஒரு விளக்கு ஏற்றிக் கொடுத்ததுண்டா? கிடையாது. தென்மேற்குப் பருவக் காற்று மேற்கு மலைத் தொடரில் மோதி, ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற இடைவெளிகளில் நெருக்குண்டு வேகமாகப் பாய்கிறது என்பதை அளந்து பார்த்து, அங்கே இறக்கை கட்டிய தூண்களை மனிதன் நிறுத்திய பிறகுதான் காற்று விளக்காயிற்று. காற்றுக்குப் பூசை செய்தவனுக்குச் சாம்பல் கிடைத்தது, காற்றை அளந்தவனுக்கு மின்சாரம் கிடைத்தது. அக்கினி சங்கதியும் அப்படியே. வருஷந்தோறும் 2,668 அடி உயரமுள்ள மலையுச்சிக்குக் கொப்பரையைத் தூக்கிக்கொண்டு போய், ஆயிரக்கணக்கான கிலோ நெய்யையும் கட்டுக் கட்டாய்த் துணியையும் போட்டு நாட்கணக்கில் எரிக்கிறார்கள். இது கண்ணுக்கு வெகு தூரம் தெரிகிறது, வயிற்றுக்கு ஒரு முழமும் எட்டவில்லை. அந்த மலையே சிவன் என்கிறார்கள். 2024 டிசம்பர் 1-ந் தேதி புயல் மழையில் அதே மலையின் மண் சரிந்து, அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். அவர்களை நினைத்தால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. மலையைச் சிவனென்று கும்பிடுவதற்குப் பதிலாக மலையை மலையென்று பார்த்து, எந்தச் சரிவில் வீடு கட்டலாம், எதில் கூடாது என்று ஆராய்ந்திருந்தால் அவர்களில் ஒருவராவது பிழைத்திருக்க மாட்டார்களா என்று கேட்கின்றோம்.

ஆகவே காற்றாலை வியாபாரம் செய்தது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அது குபேர கிரிவலத்தைவிட ஆயிரம் மடங்கு மேலானது. ஆனால் வியாபாரம் என்பது லாபம் மாத்திரமல்லவே! வின்விண்ட் கம்பெனி 2013-ம் வருஷம் அக்டோபரில் பின்லாந்திலே திவாலாகிவிட்டது. அதற்கு முன்பே எஸ் டெல் என்ற இன்னொரு டெலிபோன் கம்பெனிக்குக் கிடைத்திருந்த லைசென்சுகள், 2012 பிப்ரவரி 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்த 122 லைசென்சுகளோடு சேர்ந்து போயின. அந்தக் கம்பெனியில் பஹ்ரைன் நாட்டு டெலிபோன் கம்பெனி 2009-ல் பங்கு வாங்கியிருந்தது. அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் செய்த ஒப்பந்தப்படி பணம் வந்து சேரவில்லையென்று அவர்கள் லண்டன் கோர்ட்டுக்குப் போய், 2014-ல் 20 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பு வாங்கினார்கள். அவ்வருஷமே ஆகஸ்டு மாதத்தில் திரு. சிவசங்கரன், இந்து மகா சமுத்திரத்திலுள்ள சீஷெல்ஸ் தீவின் பிரஜையாக, அந்தத் தீவின் கோர்ட்டில் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்.

இப்போது அந்தப் பக்தரை நாம் கேட்கிறோம். லாபம் வந்தது அண்ணாமலையார் அருளானால், மஞ்சள் கடுதாசி யாருடைய அருள்? ஏறினபோது குபேரன் தோளில் ஏற்றிக்கொண்டானென்றால், இறங்கினபோது எந்த லிங்கம் இறக்கிவிட்டது? "அது அவர் கர்மம்" என்பீர்களானால், ஏற்றம் சாமி கணக்கிலும் இறக்கம் மனிதன் கணக்கிலும் எழுதுகிற அந்தக் கணக்குப்பிள்ளையை ஒரு மளிகைக் கடையில்கூட யாரும் வைத்துக்கொள்ள மாட்டார்களே! உண்மை என்னவென்றால், ஏறினதற்கும் காரணமுண்டு, இறங்கினதற்கும் காரணமுண்டு. காரணங்கள் யாவும் கோர்ட்டுத் தீர்ப்புகளிலும் பாங்குக் கணக்குகளிலும் எழுதப்பட்டிருக்கின்றன. ஒன்றாவது பஞ்சாங்கத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

இத்தோடு நாம் நிறுத்திக்கொண்டால் பகுத்தறிவுக்காரர் என்று சொல்லிக்கொள்ளும் பலருக்குச் சந்தோஷமாயிருக்கும். ஆனால் அவர்களுக்கும் நாம் ஒரு கசப்பான வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பட்டணத்துப் படித்த வாலிபர்கள் பலர் குபேர லிங்கத்தைப் பரிகாசம் செய்துவிட்டு, அதே வாயினால், "சாமியாவது பூதமாவது, எல்லாம் தனி மனிதன் சாமர்த்தியம். கோடீசுவரனாகிறவன் தன் மூளையினால் ஆகிறான், ஏழையாயிருப்பவன் மூளையில்லாததால் இருக்கிறான்" என்கிறார்கள். இது பகுத்தறிவாகுமா? பழைய விதிக்கு மூளை என்று புதுப் பெயர் வைத்ததல்லாமல் இதில் வேறென்ன இருக்கிறது? கல்லைச் சுற்றுவதை விட்டுவிட்டுக் கோடீசுவரனைச் சுற்றுவது எப்படிச் சுயமரியாதையாகும்? மூளையொன்றே போதுமென்றால், அதே மூளை, அதே சாமர்த்தியம் 2013-ல் எங்கே போயிற்று?

ஆகையால் நஷ்டம் வந்தபோது நஷ்டம் யாருக்கு வந்தது என்பதைப் பார்ப்போம். அதைப் பார்த்தால்தான் லாபம் வந்தபோது அது யாரிடமிருந்து வந்தது என்பது விளங்கும். ஐ.டி.பி.ஐ. பாங்கு அப்போது சர்க்கார் பெரும்பங்கு வைத்திருந்த பாங்கு. அது பின்லாந்துக் கம்பெனிக்கும், அது திவாலான பிறகு 2014-ல் இக்கூட்டத்தோடு சம்பந்தப்பட்ட மற்றொரு அயல்நாட்டுக் கம்பெனிக்கும் கொடுத்த கடன் வகையில் சுமார் 600 கோடி ரூபாய் வராமற்போனதாக 2018-ல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. வழக்கு என்பது தீர்ப்பாகாது. குற்றம் ருசுவாகும்வரை யாரும் குற்றவாளியல்ல என்பதை நாம் மறக்கவில்லை. ஆனால் ஒன்றுக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. கடன் திரும்பவில்லையானால் குறைவது யாருடைய பணம்? 2019 ஜனவரியில் அந்தப் பாங்கின் பெரும்பங்கை எல்.ஐ.சி. வாங்கிக்கொண்டது. எல்.ஐ.சி. யாருடையது? செங்கத்துக் கடைச் சிப்பந்தியும் வந்தவாசிப் பாய் நெசவுக்காரரும், தாங்கள் செத்த பிறகு பெண்டாட்டி பிள்ளைகள் பிச்சையெடுக்கக் கூடாதென்று வயிற்றைக் கட்டிக் கட்டின பிரீமியமல்லவா அது? பின்லாந்து எந்தத் திசையிலிருக்கிறது என்று தெரியாதவன் பணம், பின்லாந்துக்குப் போய்வந்த பாங்கைத் தாங்கிப் பிடிக்கப் பயன்பட்டிருக்கிறது!

இன்னும் ஒன்று. சிவா இண்டஸ்ட்ரீஸ் அண்டு ஹோல்டிங்ஸ் என்ற இவரது தாய்க் கம்பெனி, திவால் சட்டத்தின் கீழ் விசாரணைக்கு வந்தது. கடன்காரர்கள் கேட்ட பாக்கி சுமார் 4,863 கோடி ரூபாய். கம்பெனியை உண்டாக்கினவர் தரப்பிலேயே சுமார் 320 கோடி ரூபாய் தருவதாகவும், அதோடு விவகாரத்தை முடித்துக்கொள்ளலாமென்றும் சொன்னார்கள். அதாவது நூறு ரூபாய்க்கு ஏழு ரூபாய்கூட முழுசாய் வராது. கடன் கொடுத்த பாங்குகள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் ஓட்டுப் போட்டு இதை ஒப்புக்கொண்டன. கம்பெனியை உடைத்து விற்றால் இதுகூடத் தேறாதென்பது அவர்கள் கணக்கு. சென்னைக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 2021 ஆகஸ்டில் இதை மறுத்தது. சுப்ரீம் கோர்ட்டு 2022 ஜூன் மாதத்தில், கடன் கொடுத்தவர்களே ஒப்பினபோது கோர்ட்டு குறுக்கே நிற்கக் கூடாது என்று அனுமதித்தது. இதில் சட்ட விரோதம் ஒன்றுமில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது. அதுதான் நாம் சொல்ல வந்த சங்கதி. சட்டப்படி நடந்ததே இப்படியென்றால், அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்க வேண்டாமா?

தண்டராம்பட்டுப் பக்கத்தில் ஒரு மணிலாப் பயிர்க்காரர் இருக்கிறாரென்று வைத்துக்கொள்ளுங்கள். மழை பொய்த்துவிட்டது. மனைவி கழுத்திலிருந்ததைப் பாங்கில் அடகு வைத்து வாங்கின கடன் 48,630 ரூபாய். அவர் பாங்குக்குப் போய், "ஐயா, என் சாமர்த்தியம் பலிக்கவில்லை. 3,200 ரூபாய் தருகிறேன். நகையைக் கொடுத்துவிடுங்கள், கணக்கை முடித்துக்கொள்வோம்" என்று சொல்லட்டும். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஓட்டுப் போட்டு அதை ஒப்புக்கொள்வார்களா? காவற்காரன் அவரைப் பைத்தியமென்று வெளியே தள்ளுவான். நகை ஏலத்துக்குப் போகும். வட்டிக் கடைக்காரனிடம் கடன் பட்டிருந்தாலோ, அவன் வாசலில் வந்து நின்று கேட்கிற வார்த்தையைத் தாங்க மாட்டாமல் மனிதன் பூச்சிமருந்தைத் தேடுவான். சிறிய கடன் மானத்தை வாங்குகிறது, பெரிய கடன் பேரம் பேசுகிறது! கடன்பட்டவன் நெஞ்சம் கலங்கும் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், எத்தனை கோடிக்கு மேற்பட்டால் கலங்காது என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

எல்லைகளின் சங்கதியும் இப்படியே. பணமுள்ளவருக்குத் தேசம் ஒரு சட்டை, வேண்டியபோது மாற்றிக்கொள்ளலாம். சீஷெல்ஸில் பிரஜை, பின்லாந்தில் முதலாளி, நார்வேயில் கப்பல் கூட்டாளி. ஆனால் அதே திருவண்ணாமலை ஜில்லாவில் தென்முடியனூர் என்று ஒரு கிராமமிருக்கிறது. அவ்வூர் ஆதித்திராவிட மக்கள், சர்க்கார் நிர்வாகத்திலுள்ள முத்துமாரியம்மன் கோவில் வாசற்படியைத் தாண்டி உள்ளே போனது 2023-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதிதான். அதற்கும் கலெக்டரும் நூற்றுக்கணக்கான போலீசும் கூட வர வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாய் அந்த வாசற்படி அவர்களுக்கு மூடியிருந்தது. கோவிலுக்குள் போவதால் மோட்சம் வருமென்று நாம் நம்புகிறவர்களல்ல. ஒரு மனிதனை வாசற்படியில் நிறுத்துவது அவன் மானத்தை நிறுத்துவது என்பதால் சொல்லுகிறோம். ஒருவருக்குச் சமுத்திரம் எல்லையல்ல, மற்றொருவருக்கு ஒரு கல் படி எல்லை. இரண்டும் ஒரே அண்ணாமலையார் அருளா?

காற்றோடு நில்லாமல், எண்ணெயிலிருந்து எரிசக்தி எடுக்கும் வியாபாரத்திலும் இவரது கூட்டம் இறங்கியது. பயோபாம் எனர்ஜி என்ற பெயரில் ஆப்பிரிக்காவில் செம்பனைத் தோட்டத்துக்காக நிலந் தேடிற்று. காமரூனில் 2,00,000 ஹெக்டேர் என்று பேச்சு நடந்தது. அந்தக் காட்டிலே தேனும் கிழங்கும் எடுத்து வாழும் பக்யேலி என்ற குள்ள ஜாதியார் கதி என்ன என்ற கேள்வி எழுந்தது. லைபீரியாவில் ஒரு ஆங்கிலக் கம்பெனியோடு கூட்டாளியாயிருந்து, 2013-ல் அந்தப் பங்கை மலேசியக் கம்பெனியொன்றுக்குக் கைமாற்றினார்கள். பங்கு கைமாறிற்று, ஆனால் அந்நிலத்துக் குடிகளான ஜோக்பான் குலத்தார் தங்கள் நிலத்தைக் கைமாற்ற ஒப்பவில்லை. "கொடுக்க மாட்டோம்" என்று நின்றார்கள். 2014-ல் அந்நாட்டுத் தலைவர் எல்லன் ஜான்சன் சர்லீஃப் அம்மையார், அவர்கள் சம்மதமின்றித் தோட்டத்தை விரிக்கக்கூடாது என்று சொல்லும்படியாயிற்று.

இதை வாசிக்கிற நம் செய்யாற்றுத் தோழர்கள், 'இது நம் கதையாயிருக்கிறதே' என்று எண்ணுவார்கள். ஆம். 2023-ல் செய்யாறு மேல்மா சிப்காட்டுக்காக 3,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைச் சர்க்கார் எடுக்க முனைந்தபோது, உழவர்கள் நூறு நாளுக்கு மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நவம்பரில் அவர்களில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நாடெங்கும் கண்டனம் எழும்பவே, முதலில் ஆறு பேர்மீதிருந்து அது நீக்கப்பட்டது. லைபீரியாக்காரன் கறுப்பன், வேறு பாஷைக்காரன், வேறு மதக்காரன். ஆனாலும் அவனுக்கும் மேல்மா உழவனுக்கும் உள்ள உறவு, மேல்மா உழவனுக்கும் அவன் ஜில்லாவில் பிறந்த கோடீசுவரருக்கும் உள்ள உறவைவிட நெருங்கியது. "நம்ம ஊர்க்காரர், உலகப் பணக்காரர்" என்று மார்தட்டிக்கொள்ளும் தோழர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டுகிறோம்.

இவ்வளவு சொன்னதனால், வியாபாரமே வேண்டாம், தொழிற்சாலையே வேண்டாம், எல்லோரும் பழையபடி ஏரும் கலப்பையுமாயிருக்கலாம் என்பது நமது அபிப்பிராயமென்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அப்படிச் சொல்லுகிறவர்கள் நம்மைப் பழைய இருட்டுக்கே அழைத்துப் போகிறவர்கள். நமக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். காற்றாலை வேண்டும், வெயிலிலிருந்து மின்சாரமும் வேண்டும். உலகத்தின் வேலை இங்கே வர வேண்டும், நம் பிள்ளைகள் உலகமெங்கும் போக வேண்டும். ஆனால் பொது ஜனங்களின் பணத்தைப் போட்டுத் துணிகிற காரியத்தில் லாபம் வந்தால் ஒருவருக்கு, நஷ்டம் வந்தால் ஊருக்கு என்பதை மாத்திரம் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பாங்குக்காரன் ஏழைக்கு ஒரு சட்டம், பெரியவனுக்கு ஒரு சட்டம் என்று நடத்துவதையும் ஒப்புக்கொள்ள முடியாது. பெரிய கடன் தள்ளுபடியாகும்போதெல்லாம், யாருக்கு எவ்வளவு, ஏன், எந்த அதிகாரி கையெழுத்தால் என்பதைத் தமிழில், ஒவ்வொரு பாங்கின் வாசலிலும் எழுதி ஒட்ட வேண்டுமென்று நாம் கேட்க வேண்டும். நகை ஏல நோட்டீசு ஒட்டுகிற பலகையில் அதற்கு இடமில்லாமற் போகாது. கூட்டுறவு நாணயச் சங்கங்களைக் கட்சிக்காரர்கள் கையிலிருந்து மீட்டு, உண்மையில் உழைப்பவர்கள் கைக்குக் கொண்டுவர வேண்டும். அன்று தூத்துக்குடியில் ஒதுக்கப்பட்ட ஒரு சமூகத்தார் செய்ததை, ஜாதிப் பெயரில்லாமல், ஒதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் சேர்ந்து ஏன் செய்யக்கூடாது?

கடைசியாக, அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குப் புறப்படுகிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. குபேர லிங்கத்தண்டை நிற்கும்போது, நீங்கள் எவன் செல்வத்தைப் பார்த்து அருளென்று எண்ணுகிறீர்களோ அந்தச் செல்வத்தில் உங்கள் சேமிப்பும், உங்கள் பிரீமியமும், உங்கள் பிள்ளை இரவில் விழித்த விழிப்பும் கலந்திருக்கிறதென்பதை நினையுங்கள். உங்கள் வீட்டிலிருந்து போனதை ஒரு கல்லிடம் போய்க் கேட்டால் கிடைக்குமா? எடுத்தவனிடமும் எடுக்கவிட்டவனிடமும் அல்லவா கேட்க வேண்டும்? 14 கிலோமீட்டர் நடப்பதற்குக் காலில் பலமிருக்கிறதல்லவா? அந்தக் காலோடு ஒரு நாள் பாங்கு வாசலுக்கும் கலெக்டர் ஆபீசுக்கும் நடந்து, கணக்குக் கேட்டுப் பாருங்கள். அதுவே பலன் தரத்தக்க கிரிவலமாகும்.